எங்கள் தோட்டத்து இடிபாடுகள்

1

நோர்வேக்கு வந்து இருபத்தாறு வருடம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமையன்று, ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு காட்டில், இடிந்துபோன வீடொன்றின் அத்திவாரக் கல்லில் உட்கார்ந்து நான் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்குப் போன தியாகராஜா அங்கே என்னதான் செய்கிறான் என்று பதுளையில் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கூரையில்லாத வீடு தேடி நாலு மணி நேரம் மலையேறுகிறான், பழம் தின்கிறான், திரும்பி இறங்குகிறான்.

இங்கே இது ஒரு பொழுதுபோக்கு. நகரத்தைச் சுற்றிக் காடு. காட்டுக்குள் கைவிடப்பட்ட குடிசைகள், மூடிய சுரங்கங்கள், தண்ணீர் வற்றிப்போன நீர்ச்சக்கர ஆலைகள், எவனோ ஒரு பணக்காரன் கட்டி முடிக்காமல் விட்ட மாளிகை. இவற்றை வரைபடத்தில் குறித்துவைத்துக்கொண்டு வாராவாரம் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். என் மகள் அபிநயா அவர்களில் ஒருத்தி. வயது இருபத்து மூன்று, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள். என்னைக் கூட்டிப்போனால் என் கொலஸ்ட்ரோல் குறையும் என்பது அவள் எண்ணம். அவளோடு நாலு மணி நேரம் பேசக் கிடைக்கிறதே என்பது என்னுடையது. வீட்டில் ஒரு நாளில் அவள் என்னோடு பேசும் நேரத்தை எல்லாம் சேர்த்தாலும் ஒரு முட்டை அவியாது.

அந்த இடிபாட்டின் முன்னால் நீல நிறத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அபி அதை எனக்காகத் தமிழாக்கிப் படித்தாள். அங்கே இருந்தவர்கள் நிலச் சொந்தக்காரருக்கு உழைத்துக் கொடுத்து, அவருடைய காட்டோரத்தில் குடியிருந்த ஏழைகளாம். வீடு அவர்களுடையதல்ல. போ என்றால் போகவேண்டும். ஏழு பிள்ளைகள். இருந்தது ஒரு கூடமும் ஒரு 'கம்மர்' என்பதும். கம்மர் என்றால் சின்ன அறை.

"காம்பரா," என்றேன் நான், வாயில் ஆரஞ்சுச் சுளையோடு.

"என்னப்பா?"

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் அறையை நாம் காம்பரா என்கிறோம். போர்த்துக்கீசன் விட்டுப்போன சொல் என்று எங்கள் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் சொல்லியிருக்கிறார். அதன் உறவுக்காரச் சொல் ஒன்று நோர்வேக் காட்டில் வந்து எனக்கு முன்னால் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஒண்டுமில்லை, நல்ல சொல்லு," என்று மழுப்பினேன். என் மனைவி யாழ்ப்பாணம். பிள்ளையின் தமிழ் தாயின் தமிழ். பிள்ளையோடு பேசிப் பேசி என் வாயும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அபி பலகையை இன்னொரு முறை பார்த்தாள். "பாவமப்பா இவை. இருந்த வீடும் தங்கட இல்லை. உங்கட தோட்டத்தில வேலை செய்த ஆக்கள் மாதிரி."

"ஓம்," என்றேன்.

அந்த ஒரு 'ஓம்'தான் இதை எழுத வைக்கிறது. எங்களுக்குத் தோட்டம் இருந்ததில்லை. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஐந்தாம் லயத்தில், மூன்றாவது காம்பராவில் பிறந்தவன் நான். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா உதவி மேனேஜரான சின்னத்துரையின் பங்களாவில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். பதினாலு வருடமாக என் மகள் என்னை முதலாளி வீட்டுப் பிள்ளை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் நம்பவிட்டிருக்கிறேன்.

அபி பழத்தோலைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "அப்பா, உங்கட பங்களாவும் இப்ப இப்பிடித்தான் பாழடைஞ்சு கிடக்குது. ஆரோ படம் எடுத்துப் போட்டிருக்கினம். இந்தக் கோடையில நாங்கள் ரெண்டு பேரும் அங்க ஒரு நடை போவம்," என்றாள்.



2

இந்த நடை விஷயத்தில் முதலில் என்னைக் கெடுத்தவள் தூரிட். நான் சமையல் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் தாதியாக இருந்தாள். அப்போதே ஐம்பதைத் தாண்டியவள், ஆடு மாதிரி மலையேறுவாள். நான் வந்து மூன்றாவது வருடம், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டாள். தூங்குவேன் என்றேன். பரிதாபமாகப் பார்த்தாள். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறவனுக்கு ஏதோ சுகமில்லை என்றுதான் நினைப்பார்கள். அடுத்த வாரம் அவள் காரில் நான் இருந்தேன்.

மலையேறுவதற்காகவே மலையேறுவது என்னவென்று விளங்க எனக்குச் சில காலம் பிடித்தது. எங்கள் தோட்டத்தில் மேலே போகிறவரின் முதுகில் கூடை இருக்கும், கீழே வருகிறவரின் தலையில் விறகு இருக்கும். இரண்டும் இல்லாமல் ஒருவன் மலையில் நடமாடினால் கங்காணி கூப்பிட்டு என்ன விஷயம் என்று விசாரிப்பார். இங்கே முதுகில் ஒரு பை, அதற்குள் கோப்பி, சாக்லேட், அதற்கும் மேல் கல்லில் உட்காரும்போது பின்பக்கம் குளிராமல் இருக்க ஒரு துண்டு பஞ்சு. உட்காருவதற்குப் பஞ்சு சுமந்துகொண்டு காட்டுக்குப் போகும் மனிதர்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் கொண்டுபோனது ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். தூரிட் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு ஓடையில் முகத்தையே வைத்துத் தண்ணீர் குடித்தாள்.

நகரத்தில் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் பேசினால் மிரண்டுபோகும் நோர்வேக்காரர்கள், காட்டுப்பாதையில் எதிரே வருகிறவர்களை எல்லாம் வாழ்த்துவார்கள். "கூ தூர்!" என்பார்கள். நல்ல நடை அமையட்டும் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. எதிரே ஒரு பெரிய ஆள் வந்தார். காக்கி அரைக்காற்சட்டை, முழங்கால் வரை காலுறை, கையில் தடி, கூட ஒரு நாய். என்னை நேராகப் பார்த்து உரத்த குரலில் சொன்னார். என் காதில் 'துரை' என்று விழுந்தது.

அடுத்து நடந்ததற்கும் என் மூளைக்கும் சம்பந்தமில்லை. கால் தானாகப் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. கை கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டது. வாய் "சலாங்க" என்றது. கான் நிறையப் பனி உருகிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் நான் பவ்வியமாக நின்றேன். அந்த மனிதர் எனக்கு மாரடைப்பு என்று பயந்து, தடியை வீசிவிட்டு, கானுக்குள் குதித்து என்னைத் தூக்கினார். அவர் தபால்காரர் என்று பிறகு தெரிந்தது.

ஏன் அப்படிச் செய்தாய் என்று தூரிட் கேட்டாள். வழுக்கிவிட்டது என்றேன். தொப்பியும் வழுக்கியதா என்று கேட்கலாம், நல்லவள், கேட்கவில்லை. துரையைக் கண்டால் கானுக்குள் இறங்குகிற கால் என்னுடையது என்பது இந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று, ஈரச் சப்பாத்து சதக் சதக்கென்று சத்தம் போடத் திரும்பி நடக்கும்போது முடிவு செய்தேன். வெட்கம் என்பது அவ்வளவு சுறுசுறுப்பான சாமான்.

3

அபி நாலாம் வகுப்பில் படிக்கும்போது பெற்றோர் கூட்டம் ஒன்று. நீங்கள் எங்கே வளர்ந்தீர்கள் என்று ஆசிரியை கேட்டாள். நம்மாட்கள் இதற்கு எப்படிப் பதில் சொல்வோம்? "எங்க தோட்டத்துல" என்போம். ஒரு செடிகூடச் சொந்தமில்லாதவனும் "எங்க தோட்டம்" என்றுதான் சொல்வான். பக்கத்துத் தோட்டத்தோடு கிரிக்கெட்டில் தகராறு வந்தால் இன்னும் உரக்கச் சொல்வான். நான் அதை அப்படியே நோர்வே மொழியில் எடுத்துப் போட்டேன்: "எங்களுடைய தேயிலைத் தோட்டத்தில்."

ஆசிரியையின் கண் விரிந்தது. "உங்களுக்குத் தேயிலைத் தோட்டம் இருந்ததா?"

பன்னிரண்டு வருடமாகியும் என்னிடம் இருந்தது சமையலறை நோர்வே மொழி. வெங்காயம், உப்பு, சூடு, நகருங்கள் என்றால் வெளுத்து வாங்குவேன். நிலவுடைமை பற்றிப் பேச வராது. பதற்றத்தில் கைக்கு அகப்பட்ட இரண்டு சொல்லையும் கொடுத்தேன். "யா. தக்." ஆம், நன்றி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. சமையல்காரனின் மகளாக உள்ளே வந்த பிள்ளை முதலாளியின் மகளாக வெளியே போனது. பள்ளிக்கூட வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தக் கையை விட எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அரசாங்கமும் தன்னால் ஆனதைச் செய்தது. ஒரு விண்ணப்பத்தில் பிறந்த இடத்து முகவரி கேட்டிருந்தார்கள். தெருவுக்கு ஒரு கட்டம், வீட்டுக்கு ஒரு கட்டம். லயத்துக்கு ஏது தெரு? கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். நான் 'லயன் 5' என்று எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலம் தெரிந்த ஓர் அலுவலர் "சிங்கமா?" என்று கேட்டார். சிங்கமில்லை, வரிசை என்றேன். எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இப்படிப் போராடினோம். கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாதாம். கடைசியில் அவர் தோட்டத்தின் பெயரையே தெரு என்ற கட்டத்திலும் வீடு என்ற கட்டத்திலும் அடித்தார். முழுத் தோட்டமும் முத்திரையோடு என் வீடாகிவிட்டது.

பிறகு அந்தப் புகைப்படம். சின்னத்துரை ஒருவர் மாற்றலாகிப் போகுமுன் பங்களாப் புல்தரையில் எங்கள் குடும்பத்தை நிறுத்தி எடுத்தது. அப்பா, அம்மா, நடுவில் நான், பின்னால் பங்களா. என்னிடம் இருக்கும் ஒரே குடும்பப் படம் அதுதான், கூடத்தில் மாட்டியிருந்தேன். இது எங்கள் வீடு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வரலாற்றை அபி பிற்பாடு எங்கோ படித்துவிட்டு, அப்பாவின் குடும்பம் அப்போதுதான் எல்லாவற்றையும் இழந்தது என்று முடிவு கட்டினாள். என் பொய்யில் இருந்த ஓட்டைகளை எல்லாம் படிப்பறிவுள்ள என் பிள்ளையே அடைத்துக் கொடுத்தாள்.

மனைவி ஜெயந்திக்கு எல்லாம் தெரியும். எங்கள் கலியாணத்தில் அவளுடைய பெரியப்பா ஒருவர், என் காதுபடவே, "பெடியன் தோட்டக்காட்டுப் பக்கமோ?" என்று இளக்காரமாகக் கேட்டுவிட்டு எழுந்து போனார். ஜெயந்தி அவரோடு அதற்குப்பிறகு பேசவேயில்லை. "பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன். அது உங்கட வேலை," என்று வருடத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லுவாள். நான் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் தள்ளிப்போட்டேன். அவளுடைய ஊருக்கு மூன்று தடவை போய்வந்தோம். பதுளைப் பக்கம் ஒரு தடவையும் இல்லை. மண்சரிவு என்பேன், பஸ் கிடையாது என்பேன், அட்டை கடிக்கும் என்பேன். ஊவா மாகாணத்தை என்னைப்போல யாரும் கேவலப்படுத்தியிருக்க மாட்டார்கள்.

பிள்ளை தூரமாகப் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. என் உடைந்த நோர்வே மொழிக்கும் அவளுடைய உடைந்த தமிழுக்கும் நடுவில் அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது இந்த நடை ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும் என்று பயந்தேன். அதனால் கோடையில் டிக்கட் எடுத்தேன்.

4

தெமோதரையில் ஆட்டோ ஓட்டும் சிவா என் அத்தை மகன். என் வயது. அம்மாவும் அப்பாவும் நான் நோர்வேக்குப் புறப்படுமுன்பே போய்விட்டார்கள்; தோட்டத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே சொந்தம் இவன். புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் அவனிடம் சொல்லிவைத்தேன். "மச்சான், புள்ளைக்கு முன்னால லயத்தப் பத்திப் பேசாத."

"ஏன்டா, லயம் என்னா கெட்ட வார்த்தையா?"

விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நானும் தொர பரம்பரையா? எனக்கு ஒரு பங்கு வரணுமே," என்றான். சிரித்தான். சிரிப்பு முடிந்ததும், "சரிடா. ஒனக்காக வாய மூடிக்கிறேன். ஆனா நல்லா இல்லடா," என்றான்.

ஸ்டேஷனில் எங்களை ஏற்றிக்கொண்டு ஆட்டோ போகும்வரை போனான். மிச்சம் நடை. அபி ஒஸ்லோவிலிருந்தே வழியை ஃபோனில் குறித்து வைத்திருந்தாள். நான் பிறந்த மலையில் எனக்கு வழிகாட்டிக்கொண்டு என் மகள் முன்னே நடந்தாள். கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை இரண்டு ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றது. மானாப்புல் முகத்தில் கீறியது. அட்டை விஷயத்தில் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. ஏழெட்டு என் சப்பாத்துக்குள் குடியேறிவிட்டன. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். நோர்வேயில் நடந்து நடந்து சேர்த்த தெம்பு முக்கால் மணி நேரத்தில் தீர்ந்தது.

"இதப் பாக்கவா நோர்வேயிலேருந்து வந்தீங்க? இந்தப் பக்கம் பன்னி மட்டுந்தாம்மா வரும்," என்றான் சிவா, அபியிடம்.

பங்களா இருந்தது. கூரை போய்விட்டது. கணப்படுப்பின் புகைபோக்கி மட்டும் நிமிர்ந்து நின்றது. ஓர் அறையில் குளிக்கும் தொட்டி, அதற்குள் பன்னைச் செடி முளைத்திருந்தது. அபி சத்தமில்லாமல் ஒவ்வோர் அறையாகப் போனாள். படம் எடுக்கவில்லை. அது எனக்கு அதிசயமாக இருந்தது. நோர்வேயில் ஒரு கல்லுக்குப் பத்துப் படம் எடுப்பவள்.

"உங்கட அறை எது அப்பா?"

எனக்கு எப்படித் தெரியும்? குசினி வாசலைத் தாண்டி அந்தப் பங்களாவுக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. நாலு சுவர் முழுசாக நின்ற ஒரு சின்ன அறையைக் காட்டி "இது" என்றேன். சிவாவுக்கு இருமல் வந்துவிட்டது. நான் காட்டியது கக்கூஸ் என்று அவன் பிறகு சொன்னான்.

அபி அந்த அறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேலை செய்த ஆக்கள் எங்க இருந்தவை? அந்த வீடுகளைப் பாக்கவேணும்," என்றாள்.

"அதெல்லாம் எப்பவோ இடிஞ்சு போச்சு," என்றேன் உடனே. சிவா என்னை ஒரு பார்வை பார்த்தான்.

அவன் வாயை மூடிக்கொண்டான், லயம் மூடிக்கொள்ளவில்லை. கீழேயிருந்து யாரோ வானொலியைக் கூட்டி வைத்தார்கள். சேவல் கூவியது. அபி விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தகரக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. கூரைக்குக் கூரை டிஷ், கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள், இரண்டு மூன்று இடத்தில் அடுப்புப் புகை. துரையின் வீடுதான் இடிபாடு. எங்கள் லயம் அச்சுப்பிசகாமல் அப்படியே இருந்தது, ஆட்களோடு.

"அங்க ஆக்கள் இருக்கினம் அப்பா," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கத் தொடங்கினாள்.

5

ஐந்தாம் லயத்து மூன்றாவது காம்பரா வாசலில் ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அபி வேறு எந்த வாசலுக்கும் போகாமல் நேராக அங்கே போய் நின்றது தற்செயல்தான். அந்தப் பெண் ராஜேஸ்வரி. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை என்னோடு படித்தவள். தலை நரைத்திருந்தாலும் எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. நான் சிவாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். என்னை மறைக்க அவனுடைய அகலம் போதவில்லை.

"வாங்கம்மா. யாரத் தேடுறீங்க?" என்றாள் ராஜேஸ்வரி.

அபி வணக்கம் சொன்னாள். பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். தாளைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் படிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக.

"வணக்கம். என் பெயர் அபிநயா. என் அப்பாவின் குடும்பம் இந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்தது. உங்களுடைய உழைப்பில்தான் நாங்கள் நல்லாக வாழ்ந்தோம். பிறகு தூரமான ஒரு நாட்டுக்குப் போனோம். அங்கே வசதியாக இருந்தோம். உங்களை நினைக்கவில்லை. உங்களைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவும் இல்லை…"

பக்கத்துக் காம்பராக்களில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள். வானொலியை யாரோ நிறுத்தினார்கள். ராஜேஸ்வரி பிள்ளையைப் பார்த்தாள், சிவாவைப் பார்த்தாள், பிறகு அவன் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தாள். சிவா மெல்லத் தலையை ஆட்டி 'வேண்டாம்' என்றான். அவள் வாய் மூடிக்கொண்டது. ஏதோ சங்கடம் என்று மட்டும் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். அடுத்த வாசலில் நின்ற ஒரு பெரியவரும் என்னைக் கண்டுகொண்டார். அவரும் ராஜேஸ்வரியைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டார்.

என்னைக் காட்டிக்கொடுக்க அந்த லயத்தில் ஒருவரும் இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றால் போதும், தப்பிவிடுவேன். பதினாலு வருடமாக நான் தேடிய வழி அது. அவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு அதைத் திறந்துவிட்டு நின்றார்கள்.

அபி கடைசி வரிக்கு வந்திருந்தாள். "தயவுசெய்து எங்களை மன்னிக்க வேண்டும்." கண்ணில் தண்ணீர். தாளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். என் பிள்ளை, செய்யாத குற்றத்துக்கு, என் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த வாசலில் தலை குனிந்து நின்றாள். அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அபி, நிப்பாட்டும்மா," என்றேன். "நான் பொறந்தது இந்தக் காம்பராவுல. ஒன் தாத்தா பங்களாவுல பூச்செடிக்குத் தண்ணி ஊத்துனவரு. எங்களுக்குத் தோட்டமெல்லாம் இல்ல. ஒரு செடிகூட இல்ல."

இருபது வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத் தமிழ் பேசிய வாய் அந்த இடத்தில் தன் பழைய தமிழுக்குத் தானாகப் போய்விட்டது.

அபி நிமிர்ந்தாள். "பங்களா?"

"உள்ள போனதே இல்ல."

"அப்ப நீங்கள்… இவையின்ட ஆள்தானா?"

"ஆமா."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். குரல் உடைந்துதான் வந்தது. "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அப்பா. பதினாறு வயசிலயிருந்து. பள்ளிக்கூடத்தில தோட்டங்களைப் பற்றிப் படிப்பிக்கேக்க நான் மேசைக்குக் கீழ பாத்துக்கொண்டிருந்தனான். என்ட அப்பா அந்த முதலாளிகளில ஒராள் எண்டு எனக்கு வெக்கமா இருந்தது. உங்களைப் பாக்கவே வெக்கமா இருந்தது. அதுதான் நான் உங்களோட கதைக்கிறேல்லை."

நான் அவளுக்கு முன்னால் பெரிய ஆளாக நிற்பதற்காகச் சொன்ன பொய். அந்தப் பொய்க்காகத்தான் அவள் என்னைவிட்டுத் தள்ளிப் போயிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் பிள்ளையை இழந்துவிடுவேன் என்று பயந்த மடையன், பொய்யைச் சொல்லி ஏழு வருடம் இழந்திருக்கிறேன். இதைவிட அழகாக ஒருவன் தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள முடியாது.

அபி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாளை என்னிடம் நீட்டினாள்.

"இதை நீங்கள் வாசியுங்கோ."

"நான் எதுக்கும்மா?"

"இவையளை வெளியில சொல்ல வெக்கப்பட்டது நீங்கள்தானே?"

வாங்கினேன். அவள் கையெழுத்து, 'ழ'வும் 'ள'வும் இடம் மாறி. தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைப் படித்தேன்: "வணக்கம். என் பெயர் அபிநயா." லயமே சிரித்தது. சிவா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அபியும் அழுகையோடு சிரித்துவிட்டாள். "தியாகுண்ணே, நோர்வேயில பேரயும் மாத்திட்டாங்களா?" என்றாள் ராஜேஸ்வரி.

"என் பெயர் தியாகராஜா," என்று திருத்திக்கொண்டு மறுபடி தொடங்கினேன். சொந்தக்காரர்களாக இருந்தது என்ற வரியையும் 'நல்லாக' என்ற சொல்லையும் மட்டும் விட்டேன். மற்றது எதையும் மாற்றத் தேவை இருக்கவில்லை. உங்களுடைய உழைப்பில்தான் நாங்கள் வாழ்ந்தோம். தூரமான ஒரு நாட்டுக்குப் போனோம். வசதியாக இருந்தோம். உங்களைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. மன்னிக்க வேண்டும் என்ற வரியைச் சத்தமில்லாமல்தான் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. ராஜேஸ்வரி சுளகைக் கீழே வைத்தாள்.

"முடிஞ்சிச்சாண்ணே?"

"முடிஞ்சிச்சு."

"அந்தத் தாள மடிச்சிறாதீங்க. எங்க வீட்டுக்காரரு விறகுக்குப் போயிருக்காரு, மக கடைக்குப் போயிருக்கா. அவுங்களும் வரட்டும், இன்னொருக்கா படிங்க." அபியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பலகையை இழுத்துப் போட்டாள். "இந்த லயத்துல வந்து யாரும் எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டதில்லம்மா. எல்லாரும் கேக்கட்டும்."

நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.